காதைப் பிடித்த கை

பெக் சார் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுகிறார் என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது. லேசில் அழுகிற ஆள் இல்லை அவர். கொரியாவிலிருந்து வந்து ஒரகடத்தில் இந்த நடனப் பள்ளியைத் தொடங்கிய நாளிலிருந்து, கால் சுளுக்கிக் கதறிய பிள்ளைகளையும், தேறாமல் மூட்டை கட்டிய பிள்ளைகளையும் முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் வழியனுப்பியவர். கல்லுளிமங்கன் என்று, ஆட்டம் அமைக்கும் இந்துமதியே அவர் முதுகுக்குப் பின்னால் சொல்வதுண்டு. அந்தக் கல்லுளிமங்கன் இப்போது கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற ரோஸ்லின் என்ற பெண் செய்த ஒரு சின்ன அசைவுதான் காரணம். குதிகாலால் தரையில் மெதுவாக இரண்டு தட்டு. பிறகு இரண்டு விரலால் காது மடலைப் பிடித்து லேசாக ஓர் இழுப்பு. அப்புறம் அந்தக் கை காதை விட்டு, காற்றில் விரிந்து, எதிரே நீண்டது. அவ்வளவுதான். அதையும் அவள் வேண்டுமென்று செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சும்மா நின்றாள். அவள் போட்டிருந்த சட்டை அவள் உடம்பின் அடியில் கிடந்ததைக் கிளறி எடுத்து வெளியே போட்டது.

அந்தச் சட்டைக்குக் கொரிய மொழியில் வாய்க்குள் நுழையாத பெயர் ஒன்று உண்டு. பள்ளியில் எல்லோரும் பிழிசட்டை என்பார்கள். மனசு மறந்ததை உடம்பு மறக்காது என்பார்களே, அந்த நம்பிக்கையை வைத்துச் செய்த இயந்திரம் அது. ஒருவரின் உடம்பில் எந்த அசைவோடு பிரியம் அதிகம் ஒட்டிக்கிடக்கிறதோ அதைத் தேடிப் பிடிக்கும். பிடித்ததைப் பாட்டின் நடுவே வைத்தால் பார்ப்பவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் நெஞ்சு அடைக்கும்.

"கெடச்சிருச்சு," என்றான் இயந்திரத்தைக் கவனிக்கும் லெனின். திருத்துறைப்பூண்டிக்காரன். அவன் குரலும் கம்மித்தான் இருந்தது. "இவ்ளோ ஆழமா யாருக்கும் வந்ததில்ல மேடம். இது என்னதுன்னு தெரியுதா உங்களுக்கு?"

இந்துமதியிடம் போய் இந்தக் கேள்வியா? கையைப் பார்த்துக் கதை சொல்வதற்குத்தானே அவளைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள்! கே-பாப் என்கிற கொரியப் பாட்டும் ஆட்டமும் என்றால் கலர் முடியும் பளபளச் சட்டையும் என்று நினைப்பவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஆட்டத்தில் ஒரு விரல்கூடச் சும்மா மடங்காது. முதல் அடியில் முதுகைக் காட்டி நிற்கிற பெண்கள் பூட்டிய கதவு. இரண்டாம் அடியில் ஒருத்தி மட்டும் எதிர்த் திசையில் நடந்தால் அவள் மனசாட்சி. எல்லாவற்றுக்கும் நடுவில் பாயிண்ட் என்று ஓர் அசைவு இருக்கும். பாட்டு மறந்துபோனாலும் அது மறக்கக் கூடாது. அதை ஊரே ஆடிப் பார்க்கும். ரசிகப் பிள்ளைகள் அதற்குப் பொருள் சொல்லி மணிக்கணக்கில் வீடியோ போடுவார்கள். பரதம் படித்தவளா என்று எல்லோரும் இந்துமதியைக் கேட்பார்கள். ஒரு முத்திரைகூடத் தெரியாது அவளுக்கு. பஸ் ஸ்டாப்பில் நின்று மனிதர்களின் கையைப் பார்த்துப் படித்த படிப்புதான்.

"காதைப் பிடிக்கிறா," என்றாள் ஒரு நொடிகூட யோசிக்காமல். "மன்னிப்பு. நம்ம ஊர்ல பொறந்த எந்தக் கொழந்தையக் கேட்டாலும் சொல்லும். தப்பு பண்ணிட்டு, தரையத் தட்டிக் கூப்பிட்டு, காதைப் பிடிச்சு, அப்புறம் கைய நீட்டுறா. 'என்னை ஏத்துக்கோ'ன்னு."

கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்த ரோஸ்லினைப் பார்த்து, "அப்படித்தானேம்மா?" என்று கேட்டாள்.

ரோஸ்லின் ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு, "ஆமா மேடம்," என்றாள்.

பெக் சார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினார். "மன்னிப்பு. ரொம்ப நல்லா இருக்கு-யோ." அவருடைய தமிழ் கார் ஓட்டுநரிடமும் கேண்டீனிலும் கற்றது. வாக்கியத்தின் வாலில் மட்டும் கொரியா ஒட்டிக்கொண்டிருக்கும். "ரோஸ்லின் சென்டர்."

சென்டர் என்றால் குழுவுக்கு நடுவில் நிற்பவள். காசிமேட்டிலிருந்து வந்த பெண், கடைசி வரிசையில் நின்றவள், ஒரே நாளில் நடுவுக்கு வந்துவிட்டாள். குழுவுக்குப் பெயர் நீலி. நீலம் என்ற சொல் அழகாக இருக்கிறதே என்று பெக் சார் ஆசைப்பட்டு வைத்தது. நம் ஊரில் நீலிக்கண்ணீர் என்று ஒன்று உண்டு என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

எல்லோரும் போன பிறகு லெனின் தயங்கித் தயங்கி அருகில் வந்தான்.

"மேடம், வழக்கமா சொல்றதுதான். எடுத்தா அது அவங்ககிட்ட இருக்காது."

"தெரியும்ப்பா."

"கேக்குறவங்களுக்கு நான் ஒண்ணு சொல்வேன். கதவுன்னு ஒரு வார்த்தைய எடுத்துக்குங்க. விடாம கதவு கதவு கதவுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? கொஞ்ச நேரத்துல கதவுன்னா என்னன்னே தெரியாது. வெறும் சத்தம். சட்டை அதைத்தான் பண்ணுது. வெளிய தெரியாம உள்ளுக்குள்ளயே அந்த அசைவ ஓட்டிக்கிட்டே இருக்கும். தேயத் தேய அதுல உள்ள உணர்வு நம்ம கைக்கு வரும். அதை ஏழு பொண்ணுங்க உடம்புலயும் ஏத்திடலாம். பாக்குறவனுக்குக் கொட்டாவி மாதிரி ஒட்டிக்கும். ஆனா இந்தப் பொண்ணுக்கு மட்டும் அது வெறும் சத்தம். செஞ்சாலும் ஒண்ணும் இருக்காது, அடுத்தவங்க செய்றதப் பாத்தாலும் ஒண்ணும் இருக்காது."

போன குழுவில் ஒரு பையன் இருந்தான். சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொள்கிற பிடியை அவனிடமிருந்து எடுத்தார்கள். பாட்டு ஓகோவென்று ஓடியது. பிறகு அவனை எப்படியிருக்கிறாய் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் தெரியல மேடம்," என்று சிரித்தான். ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் விஷயமே என்று இந்துமதிக்கு அப்போது உறைக்கவில்லை.

"இவகிட்டேருந்து போறது என்ன? மன்னிப்பு கேக்குற பழக்கம்தானே!" என்று சிரித்தாள். "போகட்டும்ப்பா. நம்ம பொண்ணுங்க பொறந்ததுலேருந்து அதைத்தானே பண்ணிட்டிருக்காங்க. ஒருத்தியாவது பொழைக்கட்டும்."

லெனினும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்து இந்துமதி பிற்பாடு எத்தனை முறை கூசினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

மன்னிப்பின் மேல் அவள் முழு ஆட்டத்தையும் கட்டினாள். சொல்லக் கூடாது, நன்றாகவே கட்டினாள். ஏழு பேரும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்பதில் தொடக்கம்; பேச்சு வார்த்தை நின்றுபோன வீடு. ஒவ்வொருத்தியாகப் பிரிந்து போக, நடுவில் ரோஸ்லின் மட்டும் மிஞ்சுவாள். தாளம் நிற்கும். தட்டு, காது, நீளும் கை. விட்டுப்போன ஆறு பேரும் அந்தத் தட்டுக்குத் திரும்பிப் பார்ப்பார்கள். கடைசியில் ரோஸ்லினும் திரும்பி, கேமராவின் கண்ணுக்குள் தன் கண்ணை வைத்து அப்படியே நிற்பாள். முகவாய் கொஞ்சம் மேலே, உதடு கொஞ்சம் பிரிந்து, கண் நனைந்து. அந்தக் கடைசி முகத்துக்காகவே ரசிகர்கள் உயிரை விடுவார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் இந்துமதி கை வைத்தாள். மெதுவான அந்த இரண்டு தட்டு பாட்டுக்கு ஒத்துவரவில்லை. பூனை நடக்கிற மாதிரி இருந்தது. அதை எடுத்துவிட்டு, தாளத்தின் மேல் விழுகிற மாதிரி கனமாக ஒற்றைத் தட்டு வைத்தாள். ஒத்திகையில் அவளே ஓரத்தில் நின்று குதிகாலை ஓங்கித் தட்டுவாள். உடனே ஏழு முகமும் திரும்பும். பிழிசட்டையின் ஓட்டம் ஒரு பக்கம், இந்தப் பழக்கம் ஒரு பக்கம் என்று நாட்கள் போயின.

பெற்றோர் வந்து பார்க்கும் நாள் வந்தது. ஒரகடத்துக் கொரிய ஓட்டல்களில் கூட்டம் தாங்கவில்லை. கிம்ச்சி ஊறுகாயைப் பார்த்து மூக்கைப் பொத்திய அப்பாக்களும் உண்டு. ரோஸ்லினின் அம்மா மட்டும் எங்கும் போகாமல், மொடமொடவென்று கஞ்சி போட்ட புடவையில், கையில் இறால் தொக்கு டப்பாவோடு ஒத்திகை அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். அமலோற்பவம் என்று பெயர். இறால் உரிக்கிற கம்பெனியில் வேலை. விரல் நுனியெல்லாம் ஐஸில் ஊறி வெடித்திருந்தது.

உள்ளே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஏழு பெண்களும் தட்டிக் காதை இழுத்துக் கையை நீட்டியபோது, கண்ணாடிக்கு வெளியே அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததை இந்துமதி பார்த்தாள். மகளைப் பார்க்கிற பெருமை என்று நினைத்துக்கொண்டாள். அமலோற்பவம் கதவைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டாள். முதுகைக் காட்டி நின்ற மகளுக்குப் பின்னால் போய் நின்று, குதிகாலால் தரையில் மெதுவாக இரண்டு முறை தட்டினாள்.

ரோஸ்லின் திரும்பவில்லை.

அமலோற்பவம் மறுபடி தட்டினாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள். "ஏய், ஆன்ட்டிக்கு நம்ம ஸ்டெப்பு தெரிஞ்சிருக்குடி!" ஒருத்தி ரோஸ்லினின் தோளைத் தொட்டுத் திருப்பினாள். மகள் முகத்தைப் பார்த்ததும் அம்மா காது மடலை லேசாக இழுத்துக் கையை விரித்து நீட்டினாள். அதன் பிறகு அந்த வெடித்த விரல்கள் கடகடவென்று பேசத் தொடங்கின. ரோஸ்லினின் விரல்களும் பதில் பேசின. வாய் இரண்டு பேருக்கும் அசையவே இல்லை.

அந்த அம்மாவுக்குக் காது கேட்காது. இந்துமதி பாட்டை நிறுத்தினாள்.

"அம்மா என்ன சொல்றாங்க ரோஸ்லின்?"

ரோஸ்லின் தரையைப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல மேடம்."

"சொல்லு."

"'ஏழு பேரும் சேந்து உன்னையே கூப்புடுறாங்க. நீயும் உன்னையே கூப்ட்டுக்குறே. பைத்தியமா புடிச்சிருக்கு'ன்னு கேக்குறாங்க."

இந்துமதி அவளை மாடிப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பெண் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னாள்.

"கைக்கொழந்தையில அம்மா கம்மலப் புடிச்சு இழுத்துனே இருப்பேனாம். அதான் என் பேரு. கோயில்ல வச்ச பேரு ஊருக்கு. இது எங்க ரெண்டு பேருக்கு. நான் எங்க இருந்தாலும் ரெண்டு தட்டு தட்டும். எனக்குக் காது கேக்குமில்ல, திரும்புவேன். திரும்புனா காதை இழுத்துக் காட்டி, வான்னு கைய நீட்டும். அவ்ளோதான் மேடம்."

"அப்ப ஏண்டி ஆமான்னு சொன்னே? நான்தான் மன்னிப்புன்னு உளறினேன், நீயாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னா இன்னா பண்ணுவீங்க? எங்கம்மாவக் கூட்டினு வந்து மேடையில நிக்க வப்பீங்க. வீட்டுக்குக் கேமரா வரும். எறா உரிக்கிறதப் படம் புடிப்பாங்க. ஐயோ பாவம்னு ஊரே பாக்கும். பஸ்ஸுல யாரனா அப்டிப் பாத்தாலே எங்கம்மா எறங்கிடும் மேடம். நடந்தே வரும். நீங்க மன்னிப்புன்னு சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. இருக்கட்டும், அதே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

"போயிடும்னு லெனின் சொன்னானா இல்லையா?"

"சொன்னாரு. ஒரு பேரு போனா அம்மா வேற ஒண்ணு வைக்கும்னு நெனச்சேன்." ரோஸ்லின் நகத்தைக் கடித்தாள். "இப்போ அது தட்டுறது காதுல விழுது மேடம். ஆனா என்னை இல்ல மாதிரி இருக்குது. பக்கத்து வூட்டுக் கதவ யாரோ தட்டுற மாதிரி."

இந்துமதி நேராக லெனினிடம் ஓடினாள். கடைசி ஓட்டம் ஒன்று பாக்கி இருக்கிறது என்றான் அவன். இப்போது நிறுத்தினால் கொஞ்சம் கொஞ்சமாகத் துளிர்க்கலாம். அதையும் ஓட்டிவிட்டால் அப்புறம் ஆண்டவனே வந்தாலும் முடியாது.

"என்கிட்டேருந்து எடு," என்றாள் இந்துமதி. "அதுக்குப் பதிலா என்னோடத வை."

அவன் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. பிழிசட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். அவள் கை எழுந்தது, தாழ்ந்தது, இடுப்பு ஒசிந்தது, விரல்கள் பூட்டித் திறந்தன. வெகு நேரம் திரையையே பார்த்திருந்த லெனின் இயந்திரத்தை அணைத்தான்.

"எல்லாம் நீங்க போட்ட பாயிண்டுதான் மேடம். போன வருஷம், அதுக்கு முன்னாடி வருஷம்... உங்களோடதுன்னு தனியா எதுவும் மேல வரல."

அவளைப் பெற்றவள் அவள் தலையைக் கோதியிருப்பாள், யாரோ ஒருவன் கையைப் பற்றியிருப்பான். எங்கே போயிற்று அதெல்லாம்? அழக்கூட நேரமில்லாமல் அவள் பெக் சாரின் அறைக்குப் போனாள்.

"இந்த அசைவு வேணாம் சார். வேற எடுக்கலாம்."

"ஏன்?" பெக் சார் கோபப்படவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். "அந்தப் பொண்ணு சரி சொன்னாங்க. நான் மூணு தடவை கேட்டேன். இப்ப என்ன ஆச்சு? காரணம் சொல்லுங்க இந்துமதி. நல்ல காரணம்னா நான் நிறுத்துறேன்-யோ. சத்தியமா."

அவர் நிறுத்துவார். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. நிறுத்திவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, 'காது கேக்காத அம்மா கூப்பிடுற பேரு! ரொம்ப ரொம்ப நல்ல கதை!' என்பார். அந்தக் கண்ணில் மறுபடி தண்ணீர் வரும். அதுவும் நிஜத் தண்ணீர்தான். நாளைக் காலையில் காசிமேட்டில் வண்டி போய் நிற்கும். பெயரைக் காப்பாற்ற வேண்டுமானால் அம்மாவைக் காட்டிக்கொடுக்க வேண்டும். அம்மாவைக் காப்பாற்ற வேண்டுமானால் பெயரை விட்டுவிட வேண்டும். இந்துமதி வாயைத் திறந்தாள்.

"ஒண்ணுமில்ல சார். படபடப்பு. முதல் மேடை இல்லையா, அதான்."

கடைசியாக ரோஸ்லினிடமே போய்க் கெஞ்சினாள். "நீ மாட்டேன்னு சொல்லிடு. காரணம் கேட்டா சும்மா அழு. ஒண்ணும் பண்ண முடியாது அவங்களால."

"எங்கம்மா வெரலப் பாத்தீங்கல்ல மேடம்?" என்றாள் ரோஸ்லின். பிறகு, "அதுக்காக மட்டும் இல்ல. பொய் சொல்லக் கூடாது. எனக்கு ஆடணும். நடுவுல நின்னு ஆடணும். அதுவுந்தான்," என்றாள்.

கடைசி ஓட்டமும் ஓடி முடிந்தது.

நீலியின் முதல் பாட்டு வெளிவந்த வாரத்திலேயே ஊர் தலைகீழாயிற்று. ஜகார்த்தாவில் அழுதார்கள், சாவ் பாலோவில் அழுதார்கள், சியோலில் ஒரு கிழவர் தெருவிலேயே உட்கார்ந்து அழுதார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சண்டை போட்டால் தரையைத் தட்டிக் காதை இழுத்துக் கை நீட்டினார்கள். எதிராளி முறைத்துக்கொண்டே போக முடியாது, மனசு இளகிவிடும். பிரிந்த தம்பதிகள் சேர்ந்தார்கள் என்று செய்தி வந்தது. பாலம் இடிந்து மாட்டிக்கொண்ட ஓர் அமைச்சர் பத்திரிகைக்காரர்கள் முன்னால் அதையே செய்தார். பார்த்தவர்களுக்குப் பாழாய்ப்போன கண்ணீர் வந்துவிட்டது, அவர் பதவியும் தப்பியது. ரசிகப் பிள்ளைகளின் விளக்கங்கள் வேறு. அந்தத் தட்டு இதயத்துடிப்பு, அந்தக் காது இத்தனை நாள் கேட்க மறுத்த காது, அந்தக் கை திரும்பி வரச் சொல்லும் கை. எல்லாம் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! கட்டியவள் கெட்டிக்காரி அல்லவா?

இந்துமதிக்குச் சோறு இறங்கவில்லை. ரோஸ்லின் நான்கு நாள் விடுப்பில் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும், ஒரு பை நிறைய ஆப்பிள் பழம் வாங்கிக்கொண்டு காசிமேட்டு ஹவுசிங் போர்டு குடியிருப்புக்குப் போய் நின்றாள். கீழே பிள்ளைகள் கூட்டமாகத் தரையைத் தட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். எத்தனை குட்டிக் கைகள், எத்தனை காதுகள்! எல்லாம் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தன. அதைப் படிக்கத் தெரிந்தவள் மூன்றாம் மாடியில் இருந்தாள்.

படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த இரண்டாம் மாடி அம்மாள் வழி சொன்னாள். "அமலா வூடா? மேலதான். பொண்ணு வந்ததுலேருந்து அது டொக்கு டொக்குனு தட்டினே கெடக்குது. முன்னல்லாம் ரெண்டு தட்டு தட்டும், அந்தப் பொண்ணு தடதடன்னு ஓடும், சத்தம் நின்னுடும். இப்போ நிக்கவே மாட்டேங்குது. நான்கூட சத்தம் போட்டேன். பெரிய ஆட்டக்காரியாயிட்டா பெத்தவ கூப்ட்டா போவக் கூடாதா?"

கதவு திறந்துதான் இருந்தது. ஒற்றை அறை, அதன் கோடியில் சமையல் மேடை. ரோஸ்லின் அந்தப் பக்கம் திரும்பி நின்று டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தத்தில் யாரோ வந்தது அவளுக்குத் தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த அமலோற்பவம் இந்துமதியை அடையாளம் கண்டு எழுந்து வந்தாள். புதுப் புடவை, புதுக் கம்மல். விரல்கள் மட்டும் பழைய விரல்கள். மெலிந்திருந்தாள்.

சொல்வதற்கு என்று வழியெல்லாம் தேடி வைத்திருந்த வார்த்தைகள் எதற்கும் உதவாது என்பது அப்போதுதான் இந்துமதிக்கு உறைத்தது. இந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? உங்கள் மகளின் பெயரைத் தப்பாகப் படித்தது நான்தான், தப்பென்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு வந்தது நான்தான் என்று எந்தக் கையால் சொல்வது? கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. ஒரு கையில் பழப் பை. மற்றக் கை தானாக எழுந்து காது மடலைப் பிடித்தது. நம் ஊரில் பிறந்தவள் வேறு என்ன செய்வாள்? பிடித்து இழுத்தாள். கை காதை விட்டு, அந்த அம்மாவை நோக்கி நீண்டது.

அமலோற்பவம் முகம் பளிச்சென்று ஆயிற்று. தலையை ஆட்டினாள். ஆமாம், ஆமாம், இங்கேதான் இருக்கிறாள் என்று சமையல் மேடைப் பக்கம் கையைக் காட்டினாள். பார்க்க வந்திருக்கிறார்கள், கூப்பிடுகிறார்கள், இந்தப் பெண் திரும்பாமல் நிற்கிறதே என்று, தானே குதிகாலால் மெதுவாக இரண்டு முறை தட்டினாள்.

ரோஸ்லின் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அமலோற்பவம் மறுபடி தட்டினாள். இன்னும் இரண்டு. அப்புறம் இன்னும் இரண்டு. நான்கே எட்டு நடந்தால் மகளின் தோளைத் தொடலாம். அவள் நடக்கவில்லை. தொட்டால் திரும்புவாள் என்பது அவளுக்கும் தெரியும். தொடாமல் திரும்ப வேண்டும். இத்தனை வருடம் அப்படித்தானே திரும்பினாள்!

கடைசியில் அவள் இந்துமதியைப் பார்த்தாள். பார்வை கீழே இறங்கி இந்துமதியின் செருப்பில்லாத காலில் நின்றது. விரலால் அந்தக் காலைக் காட்டினாள். பிறகு மகளைக் காட்டினாள். ஊரெல்லாம் கூப்பிடுகிறதே, நீங்கள்தானே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர், நீங்கள் கூப்பிட்டுப் பாருங்கள். இதைப் புரிந்துகொள்ள இந்துமதிக்கு எந்தச் சைகை மொழியும் தேவைப்படவில்லை.

அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு தட்டுதான். கனமாக, தாளத்தின் மேல் விழுகிற ஒற்றைத் தட்டு. தட்டினாள்.

ரோஸ்லின் சடாரென்று திரும்பினாள். முகவாய் கொஞ்சம் மேலே, உதடு கொஞ்சம் பிரிந்து, கண் நனைந்து. கேமரா நிற்கிற நேரம் வரைக்கும் அந்த முகம் அசையாமல் நின்றது. பிறகு அணைந்தது. "அட, மேடமா? எப்ப வந்தீங்க? ஒக்காருங்க, டீ போடுறேன்," என்று சொல்லிவிட்டு மறுபடி குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அமலோற்பவம் இந்துமதியின் மணிக்கட்டைப் பிடித்தாள். வெடித்த விரல்கள் சொரசொரவென்று இருந்தன. மகள் திரும்பிவிட்டாள். எந்த முகத்தோடு திரும்பினாள் என்பதைப் பெற்றவள் பார்க்காமல் இருந்திருக்க மாட்டாள். ஆனாலும் அவள் கண் கெஞ்சியது. ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள். இன்னும் ஒரு தடவை.

இந்துமதி காலைத் தூக்கினாள்.